ஒரே கூரை, இரண்டு வாசல்

"ஓடி வந்து ஏற முடியலன்னா பஸ்ஸ விலைக்கு வாங்கி உங்க வீட்டு வாசல்ல நிறுத்திக்கங்க!"

முன்படிக்கட்டில் ஒரு காலை வைத்திருந்த பெரியவரைப் பார்த்துத்தான் டிரைவர் சீட்டிலிருந்து அவள் இப்படிக் கத்தினாள். ஆளுக்கு மூச்சு வாங்கியது. மார்போடு ஒரு தகரப் பெட்டியை அணைத்திருந்தார்.

"அரை நிமிஷம் நின்னா என்னம்மா, உன் அப்பன் வீட்டு டீசலா எரியுது?"

"தினமும் அரை நிமிஷம்! உங்க ஒருத்தருக்காக பஸ்ஸுல இருக்கிற அத்தனை பேரும் லேட்டா போகணுமா? நீங்க என்ன மந்திரியா?"

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். முன்பக்கம் நெரிசல், நுழைய வழியில்லை. பெரியவர் முகம் சிவக்க இறங்கிப் பின்படிக்கட்டைப் பார்த்து ஓடினார். அவர் கம்பியைப் பிடித்ததும் அவள் வண்டியை நகர்த்தியதும் ஒன்றாக நடந்தது.

பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். மனுஷன் ரோட்டில் கிடந்தார். பெட்டி வாயைப் பிளந்துகொண்டு உருண்டது. உள்ளேயிருந்து பல் செட்டுகள் தெறித்து விழுந்தன. அவர் எழுந்து உட்கார்ந்தார். நேராகக் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் இரண்டு பேர் கண்ணும் முட்டிக்கொண்டன.

அவள் கியரை மாற்றினாள்.

டிப்போவில் அவளுக்குப் பெயர் ஹாரன். பஸ்ஸின் ஹாரன் பழுதானாலும் வண்டியை எடுக்கலாம், இவள் தொண்டை போதும் என்பார்கள். வாய் இருப்பவளுக்குத் தைரியமும் இருக்கும் என்று நினைப்பவர்கள் அவளை விசாரணை அறையில் பார்த்திருக்க வேண்டும். பெரியவர் முழங்காலில் கட்டோடு எதிரே நின்று, "பாத்துட்டுதான் போனா" என்றார். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "நான் பாக்கல சார்" என்றாள். நெரிசலில் மாட்டியிருந்த கண்டக்டருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வயசானவர், கால் தடுக்கியிருக்கும் என்று முடித்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை.

இது நடந்து மூன்று வருஷம் போனபின், அதே நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த மூலைவீட்டில் விற்பனைப் பலகை தொங்கியது.

அந்த வீட்டின் மேல் ஹாரனுக்கு எப்போதிருந்தோ ஒரு கண். அந்தப் பேட்டையே எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரே அச்சில் வார்த்தது. வளைந்த முகப்பு, மொசைக் தரை, மொட்டைமாடிப் படிச் சுவரில் ஒரு வட்ட ஜன்னல், இடுப்பளவு மதில். அங்கே யாரும் லேசில் வீட்டை விற்கமாட்டார்கள். கீழே நடந்து போகிறவனுக்கு மதில்தான் தெரியும். டிரைவர் சீட்டிலிருந்து பார்ப்பவளுக்கு முற்றமும், தொட்டியும், கொடியில் காயும் துணியும்கூடத் தெரியும். நிறுத்தத்தில் ஆள் ஏறி இறங்குகிற நேரமெல்லாம் அவள் அந்த வீட்டுக்குள் மனசாலேயே குடித்தனம் நடத்தினாள்.

வீட்டுக்காரி ஓய்வுபெற்ற நர்ஸ். மகனோடு போய் இருக்கப் போகிறாள். வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஹாரன் கூடம், இரண்டு அறை, சமையலறை எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றினாள். இடப்பக்கச் சுவரில் ஜன்னலே இல்லை. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அதுதான் பஸ் ஓட்டுகிறவள் புத்தி. பத்தொன்பது வருஷமாகப் பார்த்த வீடு, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள். பஸ் போகாத பக்கம் ஒன்று அதற்கு இருக்கும் என்று தோன்றவே இல்லை.

சேர்த்து வைத்ததையெல்லாம் துடைத்து அவளும் புருஷனும் முன்பணம் கொடுத்தார்கள். மீதிக்கு வங்கி கடன் தருவதாகச் சொன்னது, அவள் வேலையை நம்பி. குடியிருந்த வாடகை வீட்டை மாதக் கடைசியில் காலி செய்வதாகவும் சொல்லியாகிவிட்டது.

பத்திரம் எழுதுபவர் பழைய பத்திரத்தைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுக்காரரு சம்மதிச்சிட்டாரா?"

"எந்தப் பக்கத்து வீடு?"

"இது ஜோடி வீடும்மா. ஒரே கூரை, நடுவுல ஒரே சுவரு. உங்க வாசல் மெயின் ரோட்டுல, அவரு வாசல் சந்துல. ஒருத்தர் வித்தா இன்னொருத்தரதான் முதல்ல கேக்கணும்னு கட்டும்போதே எழுதி வெச்சிருக்காங்க. அவரு நேர்ல வந்து 'எனக்கு வேணாம்'னு சொல்லணும். இல்லன்னா பதிவு நடக்காது."

நர்ஸம்மா கையைப் பிசைந்தாள். "அவரு ஒண்ணும் சொல்லமாட்டாருன்னு நெனச்சேம்மா. நல்ல மனுஷன். பல்லு கட்டுறவரு."

ஹாரனுக்கு ரோட்டில் உருண்ட தகரப் பெட்டி ஞாபகம் வந்தது. அந்த மனுஷன் எப்போதும் மூலை திரும்பித்தானே ஓடி வருவார். எந்த மூலை என்று ஒரு நாளாவது யோசித்தாளா!

சந்துக்குள் போய்ப் பார்த்தாள். அதே வளைந்த முகப்பு, அதே வட்ட ஜன்னல், கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறி. கதவைத் திறந்தவர் அவர்தான். கையில் வெள்ளை மாவுக் கறை. பின்னால் மேஜையில் வரிசையாக ஈறும் பல்லும் சிரித்துக்கொண்டிருந்தன. சிரிக்காதவர் அவர் ஒருவர்தான்.

"ஐயா, பக்கத்து வீடு விஷயமா..." என்று இழுத்தாள். தொண்டை அவளுக்கே அந்நியமாக இருந்தது.

அவர் மேஜைக்குப் போய் ஒரு பல் செட்டைக் கையில் எடுத்தார். உள்ளேயிருந்து ஒரு முரட்டு ஆள் வந்தான், மருமகன்.

"மாமா அத வாங்கப் போறாரு. ரெண்டையும் இடிச்சிட்டு நாலு மாடி எழுப்புறோம். உங்க முன்பணத்த வாங்கிட்டு வேற எடம் பாருங்க."

"அவரு சொல்லட்டும்."

"அவருக்குக் கண்ணும் சரியில்ல, காலும் சரியில்ல. பஸ்ஸுல ஏறத் தெரியாம விழுந்த ஆளு. இனிமே எல்லாம் நான்தான் பாத்துக்கிறேன்."

பெரியவர் கையிலிருந்த பல் செட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். கண்ணாடிக்குள் பார்த்த அதே பார்வை. அவள் திரும்பி நடந்துவிட்டாள்.

அவள் புருஷன் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்பவன். அதிகம் பேசமாட்டான், வீட்டில் பேச அவள் இடம் விட்டால்தானே. பெட்டியில் சாமான் கட்டிக்கொண்டிருந்தவன் கேட்டான்:

"அவருக்கு உன் மேல அப்படி என்ன கோவம்? தானா விழுந்தவரு ஏன் உன்ன மொறைக்கணும்?"

"எனக்கென்ன தெரியும்?"

"நீ பாத்தியா?"

மூன்று வருஷமாக அவன் கேட்காத கேள்வி. அவள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். அவிழ்த்தாள். திரும்பப் போட்டாள்.

"பாத்தேன்."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "இப்ப அதப் போய்ச் சொன்னா டிப்போவுக்குப் போகும். சஸ்பெண்டு பண்ணுவாங்க. வேலை இல்லன்னு தெரிஞ்சா வங்கி கைய விரிச்சிடும். வீடும் போகும், சோறும் போகும்."

"சொல்லலன்னா?"

"வீடு மட்டும் போகும்."

"அதத்தான் ரெண்டு நாளா கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டிருக்கேன்."

"அப்ப சொல்லாத. வாடகைக்கே இருந்துடலாம்."

அவன் சொன்னதில் ஓட்டை இல்லை. ஆனால் காதில் வேறு ஒன்று ஒலித்துக்கொண்டே இருந்தது: பஸ்ஸுல ஏறத் தெரியாம விழுந்த ஆளு. அவள் சொன்ன ஒரு பொய்யை வைத்து அந்தத் தடியன் அவரைச் சொந்த வீட்டிலேயே மூலையில் உட்காரவைத்துவிட்டான். தன் வீட்டுக்கு வந்த ஆபத்தைவிட இதுதான் அவளை அதிகம் அரித்தது என்று சொன்னால் அது பொய். இரண்டும் சேர்ந்துதான் அரித்தன.

வியாழக்கிழமை டூட்டி முடிந்ததும் காக்கி உடுப்போடு சந்துக்குள் போனாள். பெரியவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"நான் பாத்தேன்யா" என்றாள். "நீங்க விழுந்ததப் பாத்தேன். நீங்க என்னப் பாத்ததையும் பாத்தேன். ஆத்திரத்துல போயிட்டேன். டிப்போவுல பொய் சொன்னேன்."

இந்த முறை அவர் வாய் திறந்தார். "சத்தமா சொல்லு."

"கேக்கலயா?"

"எனக்கு நல்லா கேக்குது. உள்ள இருக்கிறவனுக்குக் கேக்கல." திரும்பிக் குரல் கொடுத்தார். "மாப்பிள்ளை! இங்க வாங்க!"

மருமகன் வந்தான். அவள் கால் பின்னால் போகப் பார்த்தது. இவன் காதில் விழுந்தால் டிப்போ காதில் விழுந்த மாதிரிதான். மதிலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தெருமுனை வரைக்கும் கேட்கிற அந்தப் பழைய தொண்டையில் சொன்னாள்:

"உங்க மாமா தடுக்கி விழல! அவரு கம்பியப் பிடிக்கும்போதே நான் வண்டிய எடுத்தேன். கண்ணும் சரியாத்தான் இருக்கு, காலும் சரியாத்தான் இருக்கு. அவரு சொன்னதுதான் நெசம்."

"அட! அப்ப உன் வேலையக் காலி பண்றேன் பாரு" என்றான் அவன்.

பெரியவர் அவனைக் கவனிக்கவே இல்லை. அவளைப் பார்த்து, "அந்தப் பெட்டியில மூணு பேரோட பல்லு இருந்துச்சு" என்றார். "மூணு பேரும் ஒரு மாசம் கஞ்சி குடிச்சாங்க."

"நாளைக்கு வருவீங்களா ஐயா?"

கதவைச் சாத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் பெஞ்சில் மூன்று பேர்: ஹாரன், புருஷன், நர்ஸம்மா. பிற்பகல் கரைந்துகொண்டே போனது. நர்ஸம்மா கைப்பையைத் திறந்து டிக்கெட்டைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கடைசியில் சொல்லியும்விட்டாள்: "தப்பா நெனக்காதம்மா. இன்னிக்கு முடியலன்னா அந்த மருமகன்கிட்டயே குடுத்துட்டுப் போறேன். காச கையில வெச்சிருக்கான்."

கவுன்ட்டரில் இருந்த எழுத்தர் ஜன்னல் பலகையைப் பாதி இறக்கினார்.

"சார், கொஞ்சம் பொறுங்க. ஒருத்தர் வரணும்."

"வர்றவரு நேரத்துக்கு வரணும்மா. உங்க ஒருத்தருக்காக ஆபீஸ தொறந்து வெக்க முடியுமா?"

இதற்குப் பதில் சொல்ல அவளுக்கு எந்த யோக்கியதையும் கிடையாது. வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தாள். அவள் டிப்போ பஸ் ஒன்று வந்து நின்றது. யார் யாரோ இறங்கினார்கள். வண்டி கிளம்பியது. புகை கலைந்தபோது எதிர்ப்பக்கத்தில் பெரியவர் நின்றிருந்தார். மூன்று வருஷம் கழித்து பஸ்ஸில் வந்திருந்தார். ரோட்டில் வண்டிகள் விடுகிறதாக இல்லை. அவர் ஒரு காலை வைப்பதும் எடுப்பதுமாக நின்றார்.

உள்ளே பலகை கிறீச்சிட்டது. ஹாரன் பாய்ந்து போய் அதன் அடியில் கையைக் கொடுத்தாள்.

"கைய எடும்மா!"

"எடுக்கமாட்டேன் சார். அவரு ரோட்டுல நிக்கிறாரு. வந்துட்டாரு. என் கண்ணால பாத்துட்டேன். பாத்துட்டு எப்படி சார் எடுக்கறது?"

புருஷன் ஓடிப்போய்க் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினான். பெரியவர் உள்ளே வந்தார். வந்தவர் அவளைப் பார்க்கவில்லை. எழுத்தர் கேட்டதற்கு, "எனக்கு வேணாம். இவங்களுக்கே எழுதிடுங்க" என்று பெருவிரலை மையில் வைத்தார்.

"மாப்பிள்ளை ஒத்துக்கிட்டாரா?" என்று நர்ஸம்மா நம்பாமல் கேட்டாள்.

"அவன எவன் கேட்டான்? கண்ணும் காலும் சரியா இருக்கிறவன் வீட்ட எதுக்கு இடிக்கணும்? நான் பல்லு கட்ட எடம் வேணாமா?" பிறகுதான் ஹாரன் பக்கம் திரும்பினார். "நடுச்சுவரு ஒத்தைக் கல்லு. நீ கத்தினா என் மேஜையில பல்லெல்லாம் ஆடும். பாத்துக் கத்து."

"நீங்க மட்டும் நேரத்துக்குக் கெளம்புங்க. நான் ஏன் கத்துறேன்?"

நர்ஸம்மாவுக்குப் பயம், எங்கே மனுஷன் மையைத் துடைத்துவிட்டுப் போய்விடுவாரோ என்று. போகவில்லை.

மருமகன் சொன்ன சொல் தவறாதவன். புகார் டிப்போவுக்குப் போனது. ஆனால் வங்கிப் பணம் கைமாறிய பிறகுதான் போய்ச் சேர்ந்தது. மறுபடி அதே அறை, அதே மேஜை. இந்த முறை அவள் மேஜையைப் பார்க்கவில்லை. "பாத்தேன் சார்" என்றாள். வேலையை எடுக்கவில்லை. சம்பள உயர்வு ஒன்றை அடியோடு வெட்டினார்கள். ஓய்வு பெறும்வரைக்கும் அந்தப் பள்ளம் நிரம்பாது.

புது வீட்டைப் பார்க்க டிப்போவிலிருந்து கூட்டாளிகள் வந்தார்கள். மொசைக் தரையைத் தடவிப் பார்த்தார்கள், வட்ட ஜன்னலில் தலையை விட்டுப் பார்த்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பல்லை ராவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"கடைசியில எவ்வளவுக்கு முடிஞ்சுது ஹாரன்?" என்று கண்டக்டர் கேட்டான்.

"முப்பத்தெட்டு லட்சம்" என்றாள். "அதோட ஒரு இன்கிரிமென்ட்டு."