இடப்பக்கமாக வந்த படகு

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நானே பல நாள் நம்பாமல் இருந்து பார்த்தவன்தான். ஆனாலும் இது நடந்தது. போன நவம்பர் பதினாறாம் தேதி, மாலை 3.52க்கும் 4.00க்கும் இடையில். நேரத்தைச் சொல்வது என் ஞாபகம் அல்ல, என் கேமரா.

எங்கள் துறைமுகம் கிழக்கு பார்த்தது. ஊருக்குப் பின்னால் உடனே மலை. மற்ற ஊர்களில் மாலை வெயில் பொன்னாக இறங்கும் நேரத்தில் எங்கள் படகுகள் மலை நிழலில் கறுத்துக் கிடக்கும். ஆனால் இரண்டு சிகரங்களுக்கு நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. நவம்பரில் ஐந்தே நாள் சூரியன் அந்தப் பள்ளத்தில் இறங்கும். அப்போது அலைத்தடுப்புச் சுவரின் முனைக்கு எதிரே, தண்ணீரில் ஒரு தெரு அகலத்துக்கு வெளிச்சம் விழும். மலை கரி. கடல் கரி. நடுவில் மட்டும் நெருப்பு. சில நிமிடம்தான்.

அந்த நெருப்பில் எனக்கு ஒரு படகு வேண்டும்.

பள்ளிக்கூட குரூப் போட்டோவும் கல்யாணப் போட்டோவும் எடுத்தே வயதைக் கழித்தவன் நான். முதல் தடவையாக ஒரு புத்தகம் வரப்போகிறது. டோக்கியோவில் பதிப்பாசிரியை குரோதா கறாராகச் சொல்லிவிட்டாள். "அந்த அட்டைப் படம் இருந்தா புத்தகம். இல்லன்னா இல்ல."

முதல் நாள் மேகம். இரண்டாம் நாள் படகுகள் வெளிச்சத்துக்கு முன்பே வந்துவிட்டன. மூன்றாம் நாள் எல்லாம் கூடி வந்தது. தொகுஜி அண்ணனின் படகு வெளிச்சத்துக்குள் சரியாக நுழைந்தது. நான் பொத்தானை அழுத்தும் நேரத்தில் அவர் என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டிப் பல்லை இளித்தார். நான்காம் நாள் மழை.

ஐந்தாம் நாள் வானம் துடைத்து வைத்தது போல் இருந்தது. ஆனால் எங்கோ தெற்கே அடித்த புயலில் கடல் பெருமூச்சு விட்டது. ஒரு படகும் போகவில்லை. கூட்டுறவுக் கொட்டகையில் எல்லோரும் வெந்நீர் கலந்த ஷோச்சு சாராயத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"தொகுஜி அண்ணே, பத்தே நிமிஷம். முனை வரைக்கும் போயிட்டுத் திரும்பினாப் போதும்."

"அலையைப் பாத்தியா? உன் அட்டைக்காக என் படகை உடைக்கணுமா?"

"அன்னிக்கு அந்த ரெண்டு விரலைக் காட்டாம இருந்திருந்தா நான் ஏன் இன்னிக்கு உங்க கால்ல விழறேன்?"

"அழகா இருந்தேன்டா! சரி, நீ போட்டோ எடுத்தா மீன் வருமா, சொல்லு. வரும்னா இப்பவே கயித்தை அவுக்கிறேன்."

கொட்டகையே சிரித்தது. நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்தேன். படகு இல்லை என்று தெரிந்தும் ஏன் போனேன்? கோபம்தான் காரணம். ஒரு வருடம் காத்திருந்த வெளிச்சம் வெறுந் தண்ணீரில் விழுந்து வீணாவதையாவது கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

முனையில் ட்ரைபாடை நிறுத்தி, மலையைப் பார்த்துத் திருப்பினேன். காலடியில் கான்கிரீட் கட்டைகளுக்கு இடையே அலை புகுந்து புகுந்து வெளியேறியது. சுவரில் கடற்காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. காற்று வடக்கிலிருந்து அடித்தது. காகங்கள் எப்போதும் காற்றுக்கு எதிராகத்தான் முகம் வைத்து உட்காரும். அன்று எல்லாமே திறந்த கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.

3.52. பள்ளத்தில் சூரியன் இறங்கியது. தண்ணீரில் நெருப்பு விழுந்தது.

அப்போதுதான் படகைப் பார்த்தேன்.

கடல் பக்கமிருந்து என்னைத் தாண்டி வந்திருந்தது. எப்படித் தாண்டியது என்று தெரியவில்லை. எஞ்சின் சத்தம் கேட்கவே இல்லை. பழைய மரப் படகு. இரண்டு பேர். ஒருவன் முன்னால், கையில் கொக்கிக் கழியோடு. சந்தோஷத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. தொகுஜி அண்ணன் மனம் இரங்கி யாரையோ அனுப்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் துறைமுகத்தில் எந்தப் படகும் தன் வலப்பக்கம் சுவரை ஒட்டும்படிதான் உள்ளே வரும். இது ஒரு வட்டம் போட்டுத் திரும்பி, இடப்பக்கத்தை என்னிடம் காட்டியது. அலையில் சுவரே அதிர்கிறது. படகு ஆடவில்லை.

அதைவிட எரிச்சல், அது வெளிச்சத்துக்கு ஒரு முழம் வெளியே நின்றுவிட்டது.

"முன்னால வாங்க!" என்று கத்தினேன். "வெளிச்சத்துக்குள்ள வாங்க!"

அசையவில்லை. 3.55.

"யோவ், காது கேக்கலையா? ரெண்டே அடி!"

கழி வைத்திருந்தவன் தலையைத் தூக்கினான். முகம் நிழலில் இருந்தது. குரல் மட்டும் பக்கத்தில் நின்று பேசுவது போல் கேட்டது.

"மீன் தருவியா?"

கொட்டகைக் கிண்டல் இங்கேயும் வந்துவிட்டதே என்று பற்றிக்கொண்டு வந்தது. நான் பேசவில்லை. அவன் மறுபடி கேட்டான்.

"மீன் தருவியா?"

3.57. வெளிச்சம் சுருங்க ஆரம்பித்தது. எதைக் கேட்டிருந்தாலும் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

"தர்றேன்! எவ்வளவு வேணுமோ தர்றேன்! வாங்கய்யா!"

படகு வந்தது.

வெளிச்சத்துக்குள் நுழைந்தது. மலையும் நெருப்பும் படகும்... நான் கனவில் பார்த்த அதே படம். பொத்தானை அழுத்தி அழுத்தி எடுத்தேன். கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்கவே இல்லை.

படகு பெரிதாகிக்கொண்டே வந்தது.

அருகே...

இன்னும் அருகே...

கீழே கான்கிரீட்டில் இரும்பு உரசியது.

க்ர்ர்ரக்.

குனிந்து பார்த்தேன். கழியின் கொக்கி கட்டைகளைத் தடவித் தடவி மேலே ஏறியது. எதையோ தேடுவது போல.

க்ர்ர்ரக்.

என் பூட்ஸ் முனையைத் தொட்டது.

நின்றது.

ஓடினேன்.

கொட்டகையில் நான் உளறியதைக் கேட்டு மறுபடி சிரித்தார்கள். தொகுஜி அண்ணன் மட்டும் டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வா, உன் பேய்க்கு ரெண்டு விரல் காட்டிட்டு வருவோம்."

ட்ரைபாட் கவிழ்ந்து, தண்ணீர்ப் பக்கம் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. கேமரா பிழைத்திருந்தது. கடலில் படகு இல்லை. அங்கேயே நின்று படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

ஒரு படத்திலும் படகு இல்லை.

மலை இருந்தது. நெருப்பு இருந்தது. நெருப்பின் நடுவே, தண்ணீரில் விரித்தாற்போல் ஒரு வைக்கோல் பாய். அலையில் மடங்காமல், நனையாமல், தட்டையாக. ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கிட்டே. கடைசிப் படத்தில் அதன் விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. மீதி என் காலடியில் இருந்திருக்க வேண்டும்.

அண்ணன் சிரிப்பை நிறுத்தினார்.

"எந்தப் பக்கத்தைக் காட்டுச்சு?"

"இடப்பக்கம்."

"ஏதாச்சும் கேட்டாங்களா?"

"மீன் தருவியான்னு."

"நீ வாயைத் திறக்கலையே?"

"தர்றேன்னு சொன்னேன்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஊர் வரும் வரை அதை மறுபடி போடவில்லை.

மறுநாள் கடல் அடங்கியது. வலைகளைத் தூக்கப் போனவர்கள் படகு கொள்ளாத மீனோடு வந்தார்கள். இப்படியொரு மீன்பாட்டை ஊரில் யாரும் கண்டதில்லை. அதற்கடுத்த நாள் காலையில் கதவைத் திறந்தேன். வாசலில் பெரிய புரி மீன் ஒன்று. அதன் முன்னால் தொகுஜி அண்ணன், கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். கும்பிட்டது மீனை அல்ல. என்னை.

"என்ன அண்ணே இது? வேற கிண்டலே கிடைக்கலையா?"

அவர் சிரிக்கவில்லை. நான் விடவும் இல்லை. கடைசியில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கடல்ல பொணத்தைப் பாத்தா சும்மா தூக்க மாட்டோம், இசாவோ. எங்களுக்கு அது மீன் கொண்டு வர்ற சாமி. ஒருத்தர் கேப்பாரு, மீன் தருவியா, தந்தா ஏத்திட்டுப் போறோம்னு. பொணம் பேசாது. அதனால படகுல இருக்கிற இன்னொருத்தர் அதுக்காக 'தர்றேன்'னு சொல்வாரு. அப்புறம்தான் இடப்பக்கமா ஏத்தி, பாயில கிடத்துவோம்."

"உயிரோட இருக்கிறவனைக் கேட்டா?"

"அப்படி யாரும் கேட்டதில்ல."

ஒரு வருடமாகிறது. மீன்பாடு குறையவில்லை. வாரத்துக்கு ஒரு மீன் என் வாசலுக்கு வருகிறது. என்னை யாரும் கிண்டல் செய்வதில்லை. யாரும் தங்கள் படகில் ஏற்றுவதும் இல்லை. தருகிறேன் என்றேன், தந்துவிட்டேன். ஏற்றிக்கொண்டு போவது ஒன்றுதான் அந்தப் படகில் வந்தவர்கள் பக்கம் மிச்சம்.

நேற்று குரோதா போனில் பேசினாள்.

"வெளிச்சம் அபாரம், இசாவோ சான். மலையும் அபாரம். ஆனா வெறும் பாயை அட்டையில போட்டு யாருக்கு விக்கிறது? படகு வேணும். கடைசி வாய்ப்பு. அந்த அஞ்சு நாள் மறுபடி வருதில்ல?"

வருகிறது.