ரேஷன் லாரியில் பிறந்தவள்

ஈப்போவில் ஒரு குஷன் கடையில் இருபத்தெட்டு வருஷமாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் கார் இருக்கையும் மோட்டார் சைக்கிள் இருக்கையும்தான். கடந்த பத்து வருஷமாகப் பாதி வேலை, பழைய ராணுவ வண்டிகளுக்குக் கென்வாஸ் கூரை தைப்பது. ராணுவம் கழித்துப் போட்ட ஜீப்பையும் லாரியையும் தேடிப் பிடித்து, துரு சுரண்டி, பச்சைச் சாயம் அடித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரைச் சுற்றி வருவதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். எந்த வண்டி எந்த வருஷத்தது, எந்தத் திருகு அசல், எது போலி என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எனக்கு அத்துப்படியானது கென்வாஸ் மட்டும். ஜீப்புக்கு எவ்வளவு துணி, மூன்று டன் லாரிக்கு எவ்வளவு துணி என்று கண்ணாலேயே அளந்து சொல்லிவிடுவேன்.

ஒரு பொம்பளை எப்படி இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்கிற தோரணை பிடித்திருந்தால் பதில் சொல்வேன். பிடிக்காவிட்டால், வண்டியை நிழலில் நிறுத்துங்கள், அளவெடுக்க வேண்டும் என்பேன். பதில் இதுதான்: நான் பிறந்ததே ராணுவ லாரியில். கேட்டவர் சிரிப்பார். நான் சிரிக்கமாட்டேன். அப்படிப் பிறந்ததால்தான் ஐம்பத்தேழு வயதுவரை என் கைப்பையில் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை, இருந்தது. இந்த நாட்டில் பிறந்தவள் என்று காட்ட முடிந்திருந்தால் நீல ஐசி, குடியுரிமை, பாஸ்போர்ட் எல்லாம் கிடைத்திருக்கும். காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

செமோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் பால்வெட்டினார்கள். தோட்டத்தைத் தாண்டிக் காட்டோரத்தில் ஒரு ராணுவ முகாம் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை கமுந்திங் பக்கத்து சப்ளை டிப்போவிலிருந்து மூன்று டன் லாரி ஒன்று அரிசி, கோதுமை மாவு, மீன் டின், மண்ணெண்ணெய் எல்லாம் ஏற்றிக்கொண்டு தோட்டத்து மண் சாலை வழியாக முகாமுக்குப் போகும். சாயங்காலம் காலிச் சாக்குகளோடு திரும்பும். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் அதை ரேஷன் லாரி என்பார்களாம்.

அம்மாவுக்கு வலி எடுத்த அன்று மூன்றாவது நாளாக விடாத மழை. தோட்டத்துப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. தோட்டத்துப் பால் லாரி பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. ரேஷன் லாரி உயரமானது, முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அது முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அப்பா நடுரோட்டில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். ஓட்டியவர் ஒரு தமிழ்ச் சிப்பாய், இருபத்திரண்டு வயது இருக்கும். துணைக்கு ஒரு மலாய்ச் சிப்பாய். ராணுவ லாரியில் வெளியாட்களை ஏற்றக் கூடாது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு பின்கதவை இறக்கினார்களாம். சாக்குகளை விரித்து அம்மாவைப் படுக்க வைத்தார்கள். துணைக்கு அத்தை ஏறிக்கொண்டாள், அப்பா முன்னால் ஓட்டுநர் பக்கத்தில்.

ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு. நான் அவ்வளவு தூரம் பொறுக்கவில்லை. பாலத்தைத் தாண்டி, பெரிய சாலையில் ஏறி, செமோருக்கு ஒரு மைல் இருக்கும்போது அத்தை கத்த, லாரி ஓரமாக நின்றது. மலாய்ச் சிப்பாய் இறங்கி வந்து, கென்வாஸ் திரையை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பி மழையிலேயே நின்றார். ஓட்டுநர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த புது பிளேடால் அத்தை தொப்புள்கொடியை அறுத்தாள். தாயும் பிள்ளையும் நலம். ஆஸ்பத்திரி என்றாலே அம்மாவுக்குப் பயம், இனி எதற்கு என்று சொல்லிவிட்டாள். செமோரில் அப்பாவின் பங்காளி வீட்டில் எங்களை இறக்கிவிட்டார்கள்.

கிளம்புவதற்கு முன் ஓட்டுநர் வண்டியின் ஓட்டப் புத்தகத்தை எடுத்து எழுதினார். டிப்போவிலிருந்து போகும் ஒவ்வொரு வண்டிக்கும் அப்படி ஒன்று உண்டு. எத்தனை மணிக்குக் கிளம்பியது, மீட்டர் எத்தனை காட்டியது, எங்கே நின்றது, ஏன் நின்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என்ன எழுதுகிறீர்கள் என்று அப்பா கேட்டிருக்கிறார். உங்களுக்குப் பெண்பிள்ளை பிறந்ததைத்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி தன் புத்தகத்தில் எழுதிக்கொள்வார், அவரே டவுனுக்குப் போய்ப் பதிந்து சூராட் பெரானாக், அதாவது பிறப்புச் சான்றிதழ், வாங்கி வந்துவிடுவார். தகப்பன்மார்கள் வேறெதுவும் செய்ததில்லை. எழுதத் தெரிந்தவர் எழுதிவிட்டால் காரியம் முடிந்தது என்பது லயத்துக் கணக்கு. கிராணி புத்தகத்துக்கே இவ்வளவு சக்தி என்றால் ராணுவப் புத்தகம் நேரே கோலாலம்பூருக்கே போகும் என்று அப்பா நம்பிவிட்டார். தோட்டத்திலும் பிறக்கவில்லை, ஆஸ்பத்திரியிலும் பிறக்கவில்லை, இந்தப் பிள்ளையை எங்கே போய்ப் பதிவது என்று கிராணி வந்து கேட்டபோது, அதெல்லாம் லாரியில் வந்த அஸ்கார் எழுதிவிட்டார்கள் என்று பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். கிராணிக்கும் ஒரு வேலை மிச்சம்.

பள்ளியில் சேர்க்கப் போனபோதுதான் குட்டு உடைந்தது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பஸ் மாறி மாறிக் கமுந்திங் டிப்போ வாசலுக்குப் போய், மகளுடைய சூராட் பெரானாக் வாங்க வந்திருக்கிறேன் என்று சொன்னார். அவர்கள் விரட்டவில்லை. உட்காரவைத்துக் கோப்பி கொடுத்து, அந்தப் புத்தகங்களைச் சில வருஷம் வைத்திருந்து எரித்துவிடுவோம் என்று பொறுமையாக விளக்கியிருக்கிறார்கள். அப்பா காதில் அது ஏறவில்லை. வேலிக்குள் அரைவட்டத் தகரக் கொட்டகைகள் வரிசை வரிசையாக நின்றதைத்தான் பார்த்துவிட்டு வந்தார். அவ்வளவு பெரிய ஸ்டோரில் என் பிள்ளையின் புத்தகம் ஏதாவது ஒரு மூலையில் கிடக்கும், தேடத்தான் ஆளில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் தாமதமாகப் பதிந்து கொடுத்தார்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'தகவல் கிடைக்கவில்லை' என்று போட்டிருந்தது. பன்னிரண்டு வயதில் சிவப்பு ஐசி வந்தது.

அப்பாமேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தடவை, எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம், லாரிப் புத்தகத்தை நம்பி என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டீர்களே என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் செத்துப் பல வருஷம் ஆன பிறகும் படிவம் நிரப்பும்போதெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டுவேன்.

சிவப்பு ஐசியோடு வாழ முடியாதா என்றால் முடியும். கல்யாணம் நடந்தது, வேலை கிடைத்தது. தேர்தல் நாளில் தெருவே விரலில் மையோடு திரும்பி வரும்போது நான் எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பேன். என் வீட்டுக்காரர் என்னை வெளிநாட்டுச் சரக்கு என்று கேலி செய்வார், நானும் தரமான சரக்கு என்று திருப்பிக் கொடுப்பேன். அதையெல்லாம் சிரித்துச் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாமல் போனது மகள் சிங்கப்பூரில் கல்யாணமாகிக் குடித்தனம் வைத்தபோது. பாஸ்போர்ட் இல்லாத நான் ஜொகூர் பாரு வரை போய், சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். ஏழு வருஷம் அவள் சமையலறையைக் கைப்பேசியில்தான் பார்த்தேன். அடுப்பைத் துடைத்து வை என்றுகூட அங்கிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

நான்கு தடவை விண்ணப்பித்தேன். இந்த இடத்தில்தான் பிறந்தாள் என்று சொல்ல நேரில் பார்த்த சாட்சி யார் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார்கள். அம்மாவும் போய்விட்டாள், அத்தையும் போய்விட்டாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், காம்பாரிலிருந்து ஒரு சீனப் பல் டாக்டர் மூன்று டன் லாரி ஒன்றைக் கொண்டு வந்தார். ராணுவத்தில் சாமான் ஏற்றி, ஏலத்தில் போய்க் காட்டில் மரம் இழுத்து, பிறகு ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றிய வண்டி. மூன்று ஜென்மம் எடுத்துவிட்டது, நாலாவது என்னிடம் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். கூரையில்லாமல் இரும்பு வளைவுகள் மட்டும் நின்றன. அளவெடுக்கப் பின்பக்கம் ஏறினேன். அவ்வளவு பெரிய லாரிக்குள் நான் ஏறியது அதுதான் முதல் தடவை, அதாவது பிறந்ததற்கு அப்புறம். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்ன அக்கா, உடம்பு சரியில்லையா என்று டாக்டர் கேட்டார். அவர் கேட்ட விதம் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சும்மா கேட்டுவிட்டுப் போகவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஓய்வுபெற்ற ராணுவ ஓட்டுநர்களுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, பழைய வண்டிகளைப் பற்றிச் சந்தேகம் கேட்பதற்கு. செமோர் பக்கம் போன ரேஷன் லாரி, மழை, ஒரு குழந்தை என்று அதில் எழுதிப் போட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. கமுந்திங்கிலிருந்து ஒரு பெண்.

"அக்கா, எங்க அப்பா கேக்கச் சொன்னாரு. அந்தப் பாப்பா உசிரோட இருக்காளான்னு."

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். அன்றைக்கு லாரி ஓட்டியவர், இப்போது எண்பது வயசுக்காரர், ஒல்லியான மனிதர், வெயிலில் கேட்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரொம்பப் பெருசாயிட்டியே லா என்றார். சிரிக்க வேண்டிய இடத்தில் நான் நடுரோட்டில் நின்று அழுதேன். திரையைப் பிடித்துக்கொண்டு நின்ற மலாய்க்காரர் காலமாகிவிட்டார் என்றும், இருந்தவரை ஒவ்வொரு பெருநாளுக்கும் போன் பண்ணி அந்தப் பிள்ளை எப்படியிருக்கிறதோ என்று இருவரும் பேசிக்கொள்வார்கள் என்றும் சொன்னார். நான் வாய் திறந்து கேட்பதற்குள், எந்த ஆபீஸ், எந்தக் கிழமை, நான் வாரேன் என்றுவிட்டார்.

சத்தியப் பிரமாணம் எழுதி வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். எங்களை விசாரித்த அதிகாரி இளம்பெண், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் விடவில்லை. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் தேதி, மைல்கல், எல்லாம் எப்படி இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது, யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டார். ஐந்தாவது தடவையும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

பெரியவர் நிதானமாக மலாயில் பதில் சொன்னார். அந்தத் தேதியை என்னால் மறக்க முடியாது, அன்றைக்காகத்தான் என்னைப் பதினான்கு நாள் உள்ளே போட்டார்கள் என்றார். டிப்போ அதிகாரி ஓட்டப் புத்தகத்தைப் படித்திருக்கிறார். வெளியாட்களை ஏற்றியது, அனுமதியில்லாமல் வண்டியை நிறுத்தியது, எல்லாம் இவர் கையெழுத்திலேயே இருந்தது. மலாய்க்காரருக்கு ஏழு நாள். தண்டனைத் தாளில் தேதி, இடம், காரணம் எல்லாம் இருக்கும், என் சேவைப் பதிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்றார். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். ஓட்டப் புத்தகம் எரிந்து போயிருந்தது, தண்டனைத் தாள் இருந்தது.

எனக்காக இரண்டு பேர் உள்ளே இருந்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் வெளியே பார்த்துக்கொண்டு, இந்த ரோடு அப்போ இவ்வளவு அகலம் கிடையாது என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒன்பது மாதம் கழித்து நீல ஐசி வந்தது. அதை வைத்துப் பாஸ்போர்ட் எடுத்தேன். சிங்கப்பூருக்குப் போவதற்கு முந்தின நாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு கமுந்திங்குக்குப் போனேன். அவர் ஐசியைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்து, போட்டோவில் கோபமாக இருக்கிறாய் என்றார். என் முகமே அப்படித்தான் என்றேன். பிறகு, இத்தனை நாள் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன். தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தும் ஏன் ஐயா உள்ளதை அப்படியே எழுதினீர்கள்?

"பஞ்சர்னு எழுதிருக்கலாம் லா. எங்க நின்னாலும் எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம், யாரும் கேக்கமாட்டாங்க. அப்படி எழுதத்தான் நானும் பேனாவ எடுத்தேன்" என்றார். "ஒங்க அப்பா கதவுகிட்ட நின்னு, மழையில நனைஞ்சிக்கிட்டு, என் கையயே பார்த்துக்கிட்டு இருந்தாரு. படிக்கத் தெரியாதவர்னு பார்த்தாலே தெரிஞ்சிச்சு. என்ன எழுதுறீங்கன்னு கேட்டாரு. ஒங்க பிள்ளையத்தான்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம் பஞ்சர்னு எழுதக் கை வரலம்மா."

அப்பா அந்தப் புத்தகத்தை நம்பிக் கேட்காமல் இருந்திருந்தால் இவர் பஞ்சர் என்று எழுதியிருப்பார். உள்ளே போயிருக்கமாட்டார், தேதியை மறந்திருப்பார், தாளும் இருந்திருக்காது. நான் குனிந்து அந்தப் பெரியவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். என் அப்பாவையும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.