மெஷினுக்கு அந்தப் பக்கம்

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் மேஸ்திரியம்மாவுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இடுப்பு உடைந்து படுத்துவிட்ட புருஷனுக்கும் அவளுக்கும் அந்த வேலைதான் சோறு. பெரிய இஸ்திரி மெஷினின் வாயில் ஈர விரிப்பை இழுத்துப் பிடித்து நுழைப்பது அவள் பொறுப்பு. சூட்டு உருளைகளைத் தாண்டி மறுபக்கம் வருவதை ஒருத்தி வாங்கி மடிக்க வேண்டும். வாங்க ஆளில்லையென்றால் விரிப்பு தரையில் விழும், திரும்ப வெளுக்கப் போகும்.

ஒன்பது வருஷமாக அதை வாங்கியவள் எல்லைக்கு அப்பாலிருந்து பிழைக்க வந்தவள். வந்த புதிதில் நம் பேச்சு வராமல் முழித்ததால் ஊமச்சி என்று பேர் வைத்தார்கள். பேச்சு வந்த பிறகு அவள் வாயை மூட ஆளில்லை. பேர் மட்டும் மாறவில்லை. மடித்து முடித்ததும் கடைசி முனையை உள்ளே செருகிச் சின்னப் பை மாதிரி ஆக்கிவிடுவாள். "தூக்கிப் போட்டாலும் பிரியாதுக்கா" என்பாள். மேஸ்திரியம்மாவின் புருஷன் விழுந்த அன்றிலிருந்து இரண்டு மாசம், மேஸ்திரியம்மா பாதி நாளில் வீட்டுக்கு ஓட, இரண்டு பக்கமும் ஊமச்சியே மாறி மாறி ஓடிச் சமாளித்தாள்.

மூன்று வருஷமாகக் கூலி ஏறவில்லை. கேட்டால் முதலாளி வாசலைக் காட்டுவார். வாசலில் வெளியாட்கள் இருபது பேர் காத்து நிற்பார்கள். பொய்யில்லை, கண்ணால் பார்த்ததுதான். அதனால், வெளியாட்களுக்கு வேலை அனுமதி நீட்டிக்கக் கூடாது என்று ஒரு காகிதம் தெருத்தெருவாக வந்தபோது மேஸ்திரியம்மா ஏழாவது கையெழுத்தைப் போட்டாள். 'ஊமச்சி அந்தக் கணக்குல வரமாட்டா, அவ நம்மாளு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கறிக்கடைக்காரர் தன் கடையில் வெட்டுகிறவனை நினைத்து அதையேதான் சொல்லிக்கொண்டார். வாத்தியார் தன் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை நினைத்து. ஊரே ஆளுக்கு ஒருவரை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது. இவர்கள் மனசுக்குள் சொன்னதெல்லாம் காகிதத்தில் ஏறுமா? எப்பேர்ப்பட்ட புத்திசாலிகள்!

அனுமதி யாருக்கும் நீளவில்லை. கடைசி நாள் ஊமச்சி கூடத்தில் கொடுத்திருந்த மேலங்கியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"யாரெல்லாம் கையெழுத்துப் போட்டாங்கன்னு தெரியுமாக்கா?"

"எனக்கென்னடி தெரியும்" என்றாள் மேஸ்திரியம்மா. சொல்லும்போதே நாக்கு கசந்தது.

கூலி ஏறத்தான் செய்தது. இரண்டு மாசம். உள்ளூரிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். அந்தச் சூட்டில் ஒன்பது பேர் ஒரு வாரம்கூட நிற்கவில்லை, மற்ற இரண்டு பேரும் மாசம் முடியுமுன் போய்விட்டார்கள். மேஸ்திரியம்மா தானே நுழைத்துவிட்டுத் தானே அந்தப் பக்கம் ஓடினாள். ஐம்பத்து நான்கு வயசுக் காலுக்கு அந்த ஓட்டம் முடியவில்லை. விரிப்புகள் தரையில் விழுந்து குவிந்தன. ஆஸ்பத்திரிக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, எல்லைக்கு அப்பால் புதிதாகத் திறந்த கூடத்துக்கு வேலையைக் கொடுத்தார்கள். இங்கே முதலாளி கூடத்தைப் பூட்டினார். வாடகைக்கு ஆளில்லாமல் வீடுகள் அடைந்து கிடந்தன, பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பை ஒன்றாக்கினார்கள், கறிக்கடை பாதி நாள்தான் திறந்தது.

கூட்டிப் பெருக்கும் வேலையாவது கிடைக்குமா என்று மேஸ்திரியம்மா ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்கு நடையாய் நடந்தாள். நாளைக்கு வா, நாளைக்கு வா. அப்படி நின்ற ஒரு காலையில் லாரியிலிருந்து வெளுத்த மூட்டைகள் இறங்கின. ஒரு மூட்டை வாய் அவிழ்ந்து விரிப்புகள் சரிந்தன. மடிப்பு ஒன்றுகூடப் பிரியவில்லை. எல்லாவற்றிலும் கடைசி முனை உள்ளே செருகியிருந்தது.

மேஸ்திரியம்மா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வெட்கத்தை விட்டு டிரைவரிடம் போனாள்.

"தம்பி, இதை மடிக்கிற அம்மாவைத் தெரியுமா?"

"தெரியும். அவங்கதான் அங்க மேஸ்திரி."

"இந்தப் பக்கத்து அக்கா கேட்டதா சொல்லுப்பா. எனக்கு அங்க ஒரு வேலை கிடைக்குமான்னு கேளு. நுழைக்கிற வேலை. அவளுக்குத் தெரியும்."

இரண்டு நாள் கழித்து லாரி வந்தது. டிரைவர் இறங்கி, அவள் முகத்தைப் பார்க்காமல் மூட்டைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்:

"கேட்டேம்மா. வெளியாளுங்களை எடுக்கக் கூடாதுன்னு அங்கேயும் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்களாம். அந்தம்மா மட்டும் போடலையாம்."