டாக்டரிடம் மறைத்த முதல் ஆபரேஷன்

நான் மலேசியாவில், கிள்ளானில் வசிக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே, எடையைக் குறைப்பதற்காக இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவள். மெலிந்திருந்த என்னைத்தான் கணவர் பெண் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு என் வயிற்றுத் தழும்புகளைப் பற்றி அவர் கேட்டபோது, பித்தப்பையில் கல் எடுத்தது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு பிள்ளைகள் பிறந்தபின் குறைந்த எடையெல்லாம் திரும்பி வந்தது. "வாயக் கட்டுனா தானா குறையும்லா" என்று கணவர் தினமும் குத்துவார். சர்க்கரையும் ஏறியதும், பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டாக்டரிடம் அவரே அழைத்துப்போனார்.

"முன்னாடி வயித்துல ஆப்பரேஷன் ஏதாச்சும் செஞ்சிருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார். கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"பித்தப்பை மட்டும்தான் டாக்டர்" என்றேன்.

எடையைக் குறைக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன் வாய்வழியாகக் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"உங்க இரைப்பைய ஏற்கெனவே வெட்டியிருக்காங்க. இது தெரியாம நான் கத்தி வச்சிருந்தா உயிருக்கே ஆபத்து. ஏம்மா சொல்லல?"

கணவர் டாக்டரிடம், "அப்ப இத்தன வருஷமா என்னை ஏமாத்தியிருக்கா" என்றார். நான் தப்பியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி வாங்கிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து இரண்டாவது ஆபரேஷன் செய்துகொண்டேன். அக்காதான் துணைக்கு இருந்தாள்.

இப்போது எந்த டாக்டரிடமும் தனியாகவே போகிறேன். கேட்பதற்கு முன்பே இரண்டு ஆபரேஷன்களையும் சொல்லிவிடுகிறேன். வலிக்கிறதா என்று என் கணவர் இன்றுவரை கேட்கவில்லை.