எட்டாம் மாதத்துக்காரி

எழுபதுகளின் கடைசியில் என் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஏழில் பிறந்ததுகூடத் தங்கும், எட்டில் பிறந்தது தங்காது என்பது எங்கள் பக்கம் எல்லோரும் நம்பிய சங்கதி. மதுரை ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சூடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் திருநகரில் எங்கள் சொந்தக்காரர்கள் தீர்ப்பே சொல்லி முடித்துவிட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் தீட்டுக் கழிக்கிற நாளில் அத்தைக்காரிதான் பிள்ளையின் காதில் பேரைச் சொல்லி, இடுப்பில் அரைஞாண் கட்ட வேண்டும். அன்று என் நாத்தனார், கணவரின் அக்கா, ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு வந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

"பேரு இப்ப வேணாம் தாயி. பிள்ளை இம்புட்டுத்தான் இருக்கு. பேரு வச்சுட்டா பாசம் ஒட்டிக்கிரும். நாளைக்கு ஒண்ணுன்னா நீ தாங்க மாட்ட."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வயிற்றில் சுமந்தபோது ஒட்டாத பாசமா இனிமேல் ஒட்டப்போகிறது? பேர் இல்லாவிட்டால் எனக்கு அழுகை குறைந்துவிடுமா?

மகளுக்குச் சப்பிக் குடிக்கத் தெம்பில்லை. நான் பீய்ச்சிக் கொடுக்கும் பாலை நர்ஸ் அம்மா பாலாடையில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவார். அன்று அதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். புகட்டும் முன் வார்டு முழுக்கக் கேட்கும்படி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பசுமலைப் பள்ளிக்கூடத்து டீச்சர் தொண்டை சும்மாவா?

"அத்தை சொல்ல வேண்டிய பேரை நீயா சொல்ற?" என்று நாத்தனார் பதறினார்.

"நீங்க சொல்லல மதினி, அதான் நான் சொல்றேன். போறவளா இருந்தாலும் பேரோட போகட்டும்."

"மெதுவாக் கூப்பிடுங்க டீச்சர், மத்த பிள்ளைக முழிச்சுக்கிரும்" என்று நர்ஸ் அம்மா அதட்டினார். ஆனால் மறுநாளிலிருந்து அவரும் அந்தப் பேரைச் சொல்லித்தான் பால் புகட்டினார். மகளுக்கு மெல்ல எடை ஏறியது. ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அவளுக்குக் கழுத்து நின்றபிறகு நாத்தனார் வெள்ளி அரைஞாணோடு வந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, முறைப்படி பேர் சொல்லக் காதருகே குனிந்தார். நான் அடுப்படியிலிருந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் மகள் வெடுக்கென்று என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"அரைஞாணை மட்டும் கட்டுங்க மதினி" என்றேன்.