ரூம் டோன் எடுக்கும்போது கேட்ட ‘ஸ்ஸ்ஸ்’

செவ்வாய்க்கிழமை வைத்திக்குப்பத்தில் செத்துப் பிழைத்தேன்.

பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே!

இந்த ப்ளாகுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நான் ஆவணப்படங்களுக்கு சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். கேமரா பிடிப்பவனை எல்லோரும் பார்ப்பார்கள். நீளக் கம்பியில் மைக்கைக் கட்டிக்கொண்டு கை வலிக்க ஓரமாக நிற்பவளை யாரும் பார்க்க மாட்டார்கள். (ஒரு ஷூட்டிங்கில் என்னிடம் வந்து குடிக்கத் தண்ணி கேட்டார்கள்!)

இந்தப் படம், கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையில் காத்திருக்கும் பெண்களைப் பற்றியது. டைரக்டர் தினேஷ், என் காலேஜ் ஃப்ரெண்ட்; கேமராவும் அவன்தான். அன்றைக்குப் பேட்டி செல்வி அக்காவிடம். மீன் விற்பவர். கடலை ஒட்டி வீடு. முன்னால் ஒரு ஹால், பின்னால் ஒரு கிச்சன், அவ்வளவுதான்.

எந்த வீட்டுக்குள் போனாலும் நான் செய்கிற முதல் வேலை, அந்த வீட்டின் வாயை அடைப்பது.

ஃபேன் ஆஃப். கிச்சனில் ஃப்ரிட்ஜ் ஆஃப். (மறுபடி ஆன் பண்ண மறக்கக் கூடாதென்று வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன். என் சாவி எப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும்.) கடல் இரைகிறதா, ஜன்னல்களைச் சாத்து. பக்கத்து வீட்டு டிவி கேட்கிறதா, கிச்சன் கதவையும் சாத்து, கீழே இடுக்கில் ஒரு துண்டைச் சுருட்டி அடை.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

“இன்னா பாப்பா, புயலுக்குக்கூட நாங்க இப்டி அடைக்க மாட்டோம்!”

அதற்குள் அவர் எங்களுக்கு டீ போட அடுப்பில் பால் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. கேமரா முன்னால் உட்கார்ந்த படபடப்பில் அவருக்கும் மறந்துவிட்டது.

பேட்டி பிரமாதமாகப் போனது!

“பத்து போட் ஒண்ணா வரட்டும். எங்க வூட்டுக்காரரு போட் எதுன்னு இருட்டுல சத்தத்த வெச்சே சொல்லிடுவேன். அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் வாசல்லயே நின்னுக்கினு இருப்பேன்” என்றார்.

தினேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் கேபிளைத் திருகிக்கொண்டிருந்தேன். ஹெட்ஃபோனில், அக்காவின் குரலுக்குப் பின்னால், லேசாக ஒரு ‘ஸ்ஸ்ஸ்’. பழைய கேபிள், இப்படித்தான் படுத்தும். எடிட்டில் நீக்கிவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

முடிந்ததும் அக்கா எழுந்தார். “இருங்க, டீ போட்டு எடுத்தாறேன்.”

“அக்கா, ஒரே ஒரு நிமிஷம். ரூம் டோன் எடுத்துக்கிறேன். யாரும் பேசாதீங்க, அசையாதீங்க.”

(ரூம் டோன் என்றால், யாரும் பேசாமல் அந்த அறையின் அமைதியை மட்டும் பதிவு செய்வது. எடிட்டில் பேச்சை வெட்டிய இடங்களில் ஒட்டுப் போட அது இல்லாமல் முடியாது.)

கேபிளை மாற்றிவிட்டு, சவுண்டை நன்றாகக் கூட்டினேன்.

‘ஸ்ஸ்ஸ்.’

புதுக் கேபிளிலும் அதே சத்தம்.

மைக்கை வாசல் பக்கம் திருப்பினேன். குறைந்தது. கிச்சன் கதவுப் பக்கம் திருப்பினேன். கூடியது!

கேபிள் இல்லை. சத்தம் கிச்சனிலிருந்து வருகிறது.

அதற்குள் ஒரு நிமிடம் ஆகிவிட்டது என்று நினைத்து அக்கா நடந்துவிட்டார். காலால் துண்டைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார். குப்பென்று கேஸ் நாற்றம். ஜன்னல் சாத்தியிருந்ததால் உள்ளே ஒரே இருட்டு. பழக்க தோஷத்தில் அக்காவின் கை லைட் சுவிட்சுக்குப் போகிறது.

“அக்கா! தொடாதீங்க! சுவிட்ச தொடாதீங்க!”

என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. மைக் பக்கத்தில் கத்தியதில் என் காதே அடைத்துக்கொண்டது. அக்காவின் விரல் சுவிட்சுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது.

அதற்கப்புறம் அக்காதான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய், அடுப்பை மூடி, ரெகுலேட்டரையும் மூடி, ஜன்னலைத் திறந்தார். பால் பொங்கி வழிந்து நெருப்பு அணைந்திருக்கிறது. அரை மணி நேரத்துக்கு மேல் வெறும் கேஸ் வந்துகொண்டே இருந்திருக்கிறது!

மூன்று பேரும் வெளியே மணலில் வந்து விழுந்தோம். நான் வெட்கமே இல்லாமல் ஓவென்று அழுதேன்.

தெருவே கூடிவிட்டது. சிலிண்டர் போடுகிற அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “ஃப்ரிட்ஜ் ஓடிக்கினு இருந்தா கத முடிஞ்சிருக்கும்” என்றார்.

“அதையும் இந்தப் பொண்ணுதான் அணைச்சு வெச்சுது. அது காதுதான் எங்களக் காப்பாத்துச்சு. தெய்வமா வந்து நின்னுச்சு!” என்று அக்கா வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்குத் திருஷ்டி கழித்தார். கிளம்பும்போது ஒரு பை நிறைய வஞ்சிரம் கொடுத்தார்.

ஜன்னலைச் சாத்தியது யார், துண்டை அடைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். (வறுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.)

இன்று காலை எடிட்டில் அந்தப் பேட்டியைக் கேட்டேன்.

பதினோராவது நிமிடத்தில் தூரத்தில் ஒரு ‘புஸ்ஸ்’. பால் பொங்கிய சத்தம். அக்கா சட்டென்று பேச்சை நிறுத்துகிறார்.

“இரு பாப்பா... உள்ள ஏதோ சத்தம் கேக்குது.”

நாற்காலி நகர்கிறது.

உடனே இன்னொரு குரல். “ஒண்ணுமில்லக்கா, எங்க கேபிள் சத்தம்தான். நீங்க உக்காந்து பேசுங்க.”

அது என் குரல்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை! நாலைந்து முறை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

பயந்துகொண்டேதான் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். “என்னத் திட்டுங்கக்கா” என்றேன்.



அக்கா மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு நல்லாவே கேட்டுச்சு பாப்பா. காதுல அவ்ளோ பெரிய மிசின மாட்டிக்கினு இருக்குற நீயே ஒண்ணுமில்லன்னுட்ட. என் காதுதான் தப்புன்னு நெனச்சு உக்காந்துட்டேன்.”