தண்ணீர் வற்றிய வருடம்

சிவகாசியிலிருந்து சாத்தூர் போகும் சாலையோரம் ஒரு சின்ன நர்சரியில் செடி இருப்புப் பார்க்கும் வேலையில் இருந்தேன். காலையில் பாத்தி பாத்தியாக நடந்து, எது எத்தனை நிற்கிறது, எது விற்றது, எது பட்டுப்போனது என்று எழுதி வைக்க வேண்டும். என்னோடு வேலை பார்த்தவர் தாயில்பட்டிப் பக்கத்து அக்கா ஒருவர். முன்பு பட்டாசுக் கம்பெனியில் இருந்தவர். உடன் வேலை செய்த சொந்தத் தங்கை வெடிவிபத்தில் போனபிறகு, அந்த மருந்து வாடையே வேண்டாமென்று எங்களிடம் வந்துவிட்டார். பையில் மண் நிரப்புவது, பதியம் வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவர்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு கோடை. ஆனைக்குட்டம் அணை தரை தெரியக் கிடந்தது. எங்கள் போர் கிணற்றிலும் தண்ணீர் இறங்கிவிட்டது. முதலாளி வந்து பார்த்தார்.

"வித்துப்போற செடிக்கு மட்டும் ஊத்துங்கம்மா. மத்தத விட்டுருங்க. நான் என்ன செய்ய?"

நானும் அக்காவும்தான் பிரித்தோம். ஒட்டு மா, கொய்யா, மல்லிகை இந்தப் பக்கம். குரோட்டன்ஸ், ரோஜா அந்தப் பக்கம். நான் சொல்லச் சொல்ல அக்கா தூக்கி வைத்தார். ரோஜாவில் மொட்டு விட்டிருந்தது. "பூத்துட்டாவது போகட்டும்த்தா" என்று குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை அதில் ஊற்றினார். ஆனாலும் கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் முழுக்கச் சருகாகிவிட்டது.

இருக்கிற செடிக்கு ஒரு ஆள் போதும் என்று ஆனது. முதலாளி அக்காவிடம் தலையைக் குனிந்துகொண்டே இனி வேலைக்கு வர வேண்டாமென்று சொன்னார். அக்கா கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

"திரும்பப் பட்டாசுக் கம்பெனிக்கு மட்டும் போயிராதீகக்கா" என்றேன்.

"போகாம? பிள்ளைக படிக்குதுகளே. தீவாளி சீசன் முடியட்டும், மழ பெய்யட்டும், இங்கனயே வந்துருதேன்."

புரட்டாசியில் ஒரு மத்தியானம் களை எடுத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் பக்கம் அதை யாரும் இடி என்று நினைப்பதில்லை. சாலையில் போன பஸ் ஓரங்கட்டி நின்றது. மேற்கே புகை எழும்பியது. எந்தக் கம்பெனி, எந்தக் கம்பெனி என்று எல்லோரும் கேட்டார்கள். அக்காவின் கம்பெனி என்று தெரிந்ததும் முதலாளி என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். உள்ளே விடவில்லை. வராந்தாவில் அக்காவின் வீட்டுக்காரர் அக்காவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடியும்போது அக்கா இல்லை.

ஐப்பசியில் நல்ல மழை. போரில் தண்ணீர் ஏறியது. முதலாளி புதிதாக ஒரு லோடு செடி இறக்கினார். அவற்றை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு நாள் அக்காவின் வீட்டுக்காரர் வந்தார்.

"வாசல்ல வைக்க ஒரு செடி வேணும்த்தா. அவளுக்கு எது பிடிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருடம் பக்கத்திலேயே நின்றிருக்கிறோம். எந்தச் செடிக்கு எப்போது உரம், எது வாடியிருக்கிறது என்றுதான் பேசியிருக்கிறோம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கும் தெரியலண்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பாத்திகளுக்கிடையே மெல்ல நடந்து, கடைசியில் ஒரு நந்தியாவட்டையை எடுத்தார். முதலாளி காசு வேண்டாமென்று கையைப் பிடித்துக்கொண்டார். செடியை நெஞ்சோடு அணைத்தபடி, பஸ்ஸுக்குக் காத்திராமல், அவர் மழைத் தூறலிலேயே நடந்து போனார்.